மூலையில் கிடந்த நான்கு தந்திகள்



2024ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாளைத் திருவண்ணாமலை மக்கள் எளிதில் மறவார். ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரே இடத்தில் ஏழு உயிர்கள் மடிந்தன. அவர்களுள் ஐவர் குழந்தைகள். அந்தத் துயரத்தின் முன் நம் ஆலயக் கூரை ஒழுகியது ஒரு பொருட்டே அன்று. எனினும் மழை ஓய்ந்தபின் நனைந்தவற்றை உலர்த்த வேண்டியிருந்தது. பாடகர் மாடத்திற்கு ஏறும் படிகளின் அடியில் உள்ள சிற்றறையைத் திறந்தோம். உடைந்த மெழுகுவர்த்தித் தண்டுகள், பழைய குடில் ஜோடனைத் தாள்கள், கை இழந்த ஒரு சூசையப்பர் சுரூபம். இவற்றின் பின்னால், பூஞ்சணம் பூத்த ரெக்சின் உறைக்குள், சுவரில் சாய்ந்தபடி நெடியதாக ஏதோ ஒன்று.

கோயிற்பிள்ளை உறையைத் திறந்து பார்த்துவிட்டு, "கிதாருங்க சாமி. ஆனால் நாலு கம்பிதான் இருக்கு. ரெண்டு அறுந்துபோச்சு போல" என்றார்.

அறுந்து போகவில்லை. அதற்கு நான்கே தந்திகள்தாம். அஃது ஒரு பேஸ் கிதார். அதனை அங்கே வைக்கச் சொன்னவர் யாரென்று கோயிற்பிள்ளைக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

2000ஆம் ஆண்டு, திருச்சபை பெரிய யூபிலி கொண்டாடிய ஆண்டு. அப்போது இதே பங்கில் நாம் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தோம். வயது முப்பதைத் தொடவில்லை. யூபிலி நினைவாக ஆலயத்திற்கு ஒரு மின்னணு கீபோர்டு வாங்கவேண்டும் என்று நன்கொடை திரட்டி, சென்னைக்குச் சென்று வாங்கியும் வந்தோம். ஒரு விரலை வைத்தால் போதும். தாளம், பின்னணிச் சுருதி, கீழ்ஸ்தாயித் துணை அனைத்தும் அதுவே வாசித்துவிடும். பாடற்குழுவினர் வியந்தனர். "இனி எல்லாம் இதிலேயே இருக்கிறது" என்று பெருமையோடு அறிவித்தோம்.

அக்குழுவில் பதினேழு ஆண்டுகளாகப் பேஸ் கிதார் வாசித்து வந்த ஒருவர் இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். 1983இல் பாடற்குழுவினர் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு, சென்னையில் பழையதாக வாங்கிவந்த கருவி அது. அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. கம்பியைச் சுருட்டினார்; கருவியை உறையில் இட்டார். "சாமி, இதை எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டார். "படியடி அறையில் வையுங்கள்" என்றோம். அதன்பின் அவர் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்தார், கடைசி வரிசையில் அமர்ந்தார், பாடவில்லை. சில மாதங்களில் நமக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. பங்குத் தந்தையாக இங்கே திரும்பி வந்தபோதும் அவர் அதே கடைசி வரிசையில் இருந்தார். வணக்கம் சொல்லுவார், நாமும் சொல்லுவோம். அவ்வளவே.

ஈரத் துணியால் அக்கருவியைத் துடைத்தபோது நமக்குள் எழுந்த உணர்வை விவரிக்க விரும்பவில்லை. ஆனால் அதனைப் பழுதுபார்க்க முற்பட்ட ஏழெட்டு மாதங்களில் நாம் கற்றவை பல. இல்லங்களில் பழைய இசைக்கருவி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அவை பயன்படும் என்பதால் இத்திங்கள் அதனையே எழுதுகிறோம்.

முதற்கண் இக்கருவியின் வரலாறு. மேனாட்டு இசைக்குழுக்களில் கீழ்ஸ்தாயி ஒலிக்கு ஆளுயரத்தை மிஞ்சும் ஒரு பெரிய வயலினைப் பயன்படுத்தி வந்தனர். அதனைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. எக்காளங்களும் முரசுகளும் முழங்கும்போது அதன் ஒலி எவர் காதிலும் விழாது. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மின்சாரத்தால் இயங்கும் சிறிய பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் கொண்டுவந்த கருவியே உலகெங்கும் பரவிற்று. வீணையில் உள்ளது போல் கழுத்தில் மெட்டுகளைப் பதித்தமையால், விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக நின்றது. 'துல்லியம்' என்னும் பொருள்படும் 'பிரிசிஷன்' என்பதே அக்கருவியின் பெயராயிற்று. இதில் ஒரு வியப்பு உண்டு. லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அவர் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர்.

அதன் நான்கு தந்திகளுள் மிகத் தடித்தது வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்தவை முறையே 55, 73, 98. மனிதச் செவி 20 அதிர்வு வரையே கீழிறங்கிக் கேட்கவல்லது என்றால், இத்தந்தி எவ்வளவு ஆழத்தில் ஒலிக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். சிறு வானொலிப் பெட்டிகளின் ஒலிபெருக்கிக்கு அந்த ஆழம் எட்டுவதில்லை. ஆயினும் அத்தந்தி எழுப்பும் மேல் அதிர்வுகளைக் கொண்டு, இல்லாத அடியொலியை நம் செவியே நிரப்பிக்கொள்கிறது. 1976இல் 'அன்னக்கிளி' வந்த பின்னர் தமிழ்த் திரையிசையில் இளையராஜா இக்கருவிக்குத் தந்த இடம் பெரிது. பல பாடல்களில் பாடுபவரின் மெட்டுக்குக் கீழே பேஸ் கிதார் தனக்கென ஒரு மெட்டைப் பாடிச் செல்லும். அவர் குழுவில் அதனை வாசித்த சசிதரன் போன்றோரின் பெயரைக் கேட்டறிந்தவர்கள் நம்முள் எத்தனை பேர்?

கத்தோலிக்க ஆலயத்தில் கிதாருக்கு என்ன வேலை என்று அந்நாளில் கேட்டவர்கள் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 120ஆம் பிரிவு, குழலார்கனுக்குச் சிறப்பிடம் தந்து, தகுதியுடைய பிற கருவிகளையும் அந்தந்த நாட்டுத் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்று வழிவிட்டது. தாய்மொழித் திருப்பலியோடு ஆர்மோனியமும் தபேலாவும் வந்தன. பின்னர் கிதாரும் வந்தது. அயல்நாட்டுக் கருவிகளுக்குக் கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ஆகையால் கைமாறி வந்த பழைய கருவி ஒன்று கிடைப்பதே பெரும் பேறாக இருந்தது.

நிற்க. கருவி கிடைத்த செய்தி பரவியதும் மூவகைக் கருத்துகள் எழுந்தன. இளைஞர்கள், "ஃபாதர், மேல் பூச்சைச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று சிவப்பு அடித்துவிடலாம், உள்ளிருக்கும் பாகங்களை எல்லாம் புதிதாக மாற்றிவிடலாம்" என்றனர். ஆசிரமப் பக்கம் தங்கியிருந்த அயல்நாட்டு அன்பர் ஒருவர், இசைக்கருவிகளில் பழக்கமுடையவர், வந்து பார்த்தார். தலைப்பலகையில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரு துளைகளே எஞ்சியிருந்தன. எனினும் கழுத்தை உடலோடு இணைக்கும் இரும்புத் தகட்டில் ஜப்பானில் செய்யப்பட்டது என்ற பொறிப்பு இருந்தது. எழுபதுகளுக்குப் பிற்பட்டதாக இராது என்று கூறி, இருந்தபடியே வாங்கிக்கொள்ள ஒரு தொகையையும் சொன்னார். கூரை ஒழுக்கை அடைக்க அத்தொகை போதும். பங்குப் பேரவையில் விற்றுவிடலாம் என்றவர்களே மிகுதி. அவர்கள் கூறியதில் தவறில்லை. மழை மறு ஆண்டும் வரும்.

நாம் ஒன்று சொன்னோம்: "வாங்கியவர்களுள் இன்று உயிரோடு இருப்பவர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம்." உண்மையில் நாம் எண்ணியது ஒருவரைத்தான்.

மறுநாள் மாலை அவர் இல்லத்திற்குச் சென்றோம். எழுபதைக் கடந்துவிட்டார். கிதார் கிடைத்ததைச் சொன்னோம். அவர் கேட்ட முதற் கேள்வி, "கழுத்து வளைந்திருக்கிறதா சாமி?" என்பதே. பார்க்கத் தெரியவில்லை என்றோம். விற்பது பற்றிச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "விற்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒலிக்கும் நிலையில் விற்றுவிடுங்கள். ஊமையாக அனுப்பாதீர்கள்" என்றார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். வேறு எதுவும் பேசாமல் எழுந்து வந்துவிட்டோம். பேச வேண்டியதைப் பேசவில்லை என்பது தெருமுனையிலேயே உறைத்தது. திரும்பிச் செல்லும் துணிவு வரவில்லை.

முதலில் தச்சரிடம் சென்றோம். தேர் வேலைக்கும் செல்லும் கை அவருடையது. கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். விரல்பலகையை நகத்தால் கீறி முகர்ந்து, "ஈட்டி" என்றார். வாசகர்களே, இதில் நம் நாட்டிற்கு ஒரு பெருமை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரம் உலகெங்கும் கிதார்களின் விரல்பலகையாகியிருக்கிறது. பிரேசில் நாட்டு மரம் அரிதானபோது, அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மேனாட்டுத் தொழிற்சாலைகள் நம் மரத்தின் பக்கம் திரும்பின. அம்மர இனம் அழிந்துவிடாதிருக்க, 2017 முதல் உலக நாடுகளின் உடன்படிக்கை அதன் வணிகத்திற்கும் கட்டுப்பாடு விதித்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது.

பிறகு தச்சர் தந்திகளைத் தொட்டுப் பார்த்து, "சாமி, இதை எடுத்து வைத்தவர் யாருங்க?" என்று கேட்டார். ஏன் என்றோம். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஒரு சிமெண்ட் மூட்டையின் எடைக்கும் மேல். அந்த இழுப்போடு ஈரச் சுவரில் இருபத்துநான்கு ஆண்டுகள் சாய்த்து வைத்திருந்தால் கழுத்து வில்லாக வளைந்திருக்கும். முழுவதும் அவிழ்த்துவிட்டிருந்தாலோ, உள்ளே எதிர்ப்புறமாக இழுத்துநிற்கும் இரும்புக் கோல் அதனைப் பின்பக்கம் வளைத்திருக்கும். யாரோ முறுக்காணிகளை அளவாகத் திருகி, பாதி இழுப்பில் விட்டு வைத்திருந்தார்கள். "அவர்தான் இதைக் காப்பாற்றினவர்" என்றார் தச்சர்.

அந்த 'யாரோ' எவரென்று நாம் அறிவோம். கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் அவர் இதனையும் செய்திருக்கிறார். நாம் அப்போது புதிய கீபோர்டின் பித்தான்களை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தச்சர் உள்ளிருந்த இரும்புக் கோலைக் கால் திருகு திருகி, ஒரு நாள் பொறுத்து, மீண்டும் கால் திருகு திருகிச் சரிசெய்தார். அவசரப்பட்டு ஒரே மூச்சில் திருகினால் கோல் முறிந்துவிடும். முறிந்தால் கழுத்தே வீண். மெட்டுகளில் பச்சை பிடித்திருந்தது. 'நிக்கல் வெள்ளி' என்று பெயர் பெற்றாலும் அதில் வெள்ளி சிறிதும் இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் தேய்த்தால் பளிச்சிடும். ஆனால் தேய்க்குமுன் கிதாரின் காந்தங்களை ஒட்டுத்தாளால் மூடிவிடவேண்டும். இல்லையேல் உதிரும் இரும்புத் துகள் அனைத்தும் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு எடுப்பது அரிது. குதிரைக்கு அடியில் வைத்திருந்த ரப்பர்ப் பஞ்சு பிசினாக உருகிக் கிடந்தது. அதனை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தார்.

வண்ணம் அடிப்பது பற்றிக் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். உடலின் மேல்விளிம்பில் வாசிப்பவரின் முன்கை பட்டுப்பட்டுப் பூச்சு தேய்ந்து மரம் தெரிந்தது. "பதினேழு வருஷம் ஒரு ஆள் கை பட்ட இடம். அதன்மேல் எதற்கு சாமி பெயின்ட்டு?" என்றார். தொழில் முறைப்படியும் அதுவே சரி. பழைய கருவியின் முதற்பூச்சை எடுத்துவிட்டால் அதன் மதிப்புக் குறைந்துவிடும் என்பதை இத்துறை அறிந்தோர் அனைவரும் கூறுவர். பழுதுபார்ப்பதில் பொதுவான நெறி ஒன்று உண்டு: வேலை செய்வதை மாற்றாதே, மாற்ற நேர்ந்தால் கழற்றிய பாகத்தை எறியாதே, ஒரு பொட்டலத்தில் கட்டிக் கருவியோடே வை.

அடுத்துச் சென்றது கடைத்தெருவில் ஐம்பது ஆண்டுகளாக ரேடியோ பழுதுபார்க்கும் பாய் அவர்களிடம். லியோ ஃபெண்டரும் ரேடியோக்காரர்தாம் என்று சொன்னபோது சிரித்துக்கொண்டார். கிதாரின் மின்பகுதி எளியது. காந்தத் துண்டுகளைச் சுற்றித் தலைமயிரைக் காட்டிலும் மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியிருப்பார்கள். அதன்மேல் இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. பாய் மீட்டரை வைத்துப் பார்த்தார், முள் அசையவில்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. எங்கே என்று தேட இரண்டு மாலைகள் ஆயின. வெளிச்சுற்றின் முனையில் பச்சை பூத்துக் கம்பி அரித்துப்போயிருந்தது. பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, நான்கு சுற்றுகளை அவிழ்த்து, நல்ல கம்பியைத் தேடிப் பிடித்துப் பற்றவைத்தார். எழுபது வயதுக் கை சிறிதும் நடுங்கவில்லை. முள் எழுந்தது.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் கரகரத்தன. உள்ளே இருக்கும் கரித்தடத்தில் தூசி படிவதே அதற்குக் காரணம். அதற்கென்று கடைகளில் விற்கும் தூய்மைத் திரவத்தைச் சிறிது தெளித்து முப்பது, நாற்பது முறை திருகினால் போதும். தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ விடுவது கூடாது. அது பின்னும் தூசியைச் சேர்த்துவிடும்.

பாய் அவர்கள் கண்ட மற்றொரு குறையைப் பாடற்குழு வைத்திருக்கும் எல்லாப் பங்குகளும் கருத்தில் கொள்ளவேண்டும். குதிரையிலிருந்து நிலமின் இணைப்புக்குச் செல்லும் கம்பி அறுந்திருந்தது. தந்தியைத் தொட்டபோதும் 'ம்ம்' என்ற இரைச்சல் அடங்காததற்கு அதுவே காரணம். அந்தக் கம்பியைப் பற்றவைத்துவிட்டு, நம் பழைய ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவரச் சொன்னார். அதன் இணைப்புக் கம்பியில் இரு முளைகளே இருந்தன. நில இணைப்பு இல்லை. "சாமி, முதலில் இதை மாற்றுங்கள். பையன் ஒரு கையில் தந்தியைப் பிடித்துக்கொண்டு, வாயால் மைக்கைத் தொட்டால் என்ன ஆகும்?" என்றார். அச்சுறுத்தச் சொன்னதன்று. 1972ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்னும் கிதார் கலைஞர், மேடையிலேயே நில இணைப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். திருவிழாக்களில் ஈரத் தரையில் ஒலிபெருக்கி வைக்கும் நாம், மூன்று முளை இணைப்பும் நில இணைப்பும் இன்றி எதனையும் இயக்கலாகாது.

தந்திகள் துருப்பிடித்திருந்தன. புதியவை விலை மிகுந்தவை. ஒரு கூட்டுத் தந்திகளைச் சென்னையிலிருந்து வருவித்தோம். பழையவற்றை எறியவில்லை. வசதியற்ற கலைஞர்கள் பல நாடுகளில் செய்து வந்த ஒன்றுண்டு: தந்திகளைக் கழற்றிக் கொதிநீரில் சில நிமிடங்கள் இட்டு எடுப்பது. சுற்றுகளினிடையே சேர்ந்த அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் வெளியேறி, மங்கிய ஒலி சிறிது காலம் தெளிவுபெறும். நம் இல்லச் சமையற்கட்டில் சாம்பார்ச் சட்டியில் கிதார் தந்தி கொதிப்பதைக் கண்ட சமையற்காரம்மாள் அன்று நம்மோடு பேசவில்லை.

இறுதியாகச் சுருதி. கழுத்தின் தலைக்கட்டையிலிருந்து குதிரை வரை இக்கருவியின் தந்தி 30 அங்குலம்; பெரிய வகைகளில் 34. சரி நடுவே, 15ஆம் அங்குலத்தில், பன்னிரண்டாம் மெட்டு. அங்கே விரலை அழுத்தினால் சரியாக ஒரு ஸ்தாயி உயரவேண்டும். உயராவிடில் குதிரையைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தவேண்டும். ஒரு தாளின் கனம் நகர்ந்தாலும் வேறுபாடு தெரியும். இதனைச் செய்ய நம்மிடம் செவி இல்லை. கருவியை எடுத்துக்கொண்டு மீண்டும் அவர் இல்லத்திற்குச் சென்றோம்.

இடையில் ஒரு செய்தி. நம் படியடி அறை திறக்கப்பட்ட அதே திசம்பர்த் திங்களில், இலண்டன் மாநகரில், உலகப்புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஒரு பழைய பேஸ் கிதாரோடு மேடை ஏறினார். வயலின் வடிவில் ஜெர்மனியின் ஹோஃப்னர் நிறுவனம் செய்தது. 1961இல் ஹாம்பர்க் நகரில் இளைஞராக இருந்தபோது அவர் வாங்கியது. 1972இல் இலண்டனில் ஒரு வண்டியிலிருந்து களவு போயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அதனைத் தேடப் புறப்பட்ட ஒரு சிறு குழுவின் முயற்சியால், ஒரு வீட்டின் பரணில் கிடந்தது தெரியவந்தது. 2024 பெப்ருவரியில் அச்செய்தி வெளியாயிற்று. பழுதுபார்த்த பின்னரே அது வாசிக்கத்தக்கதாயிற்று. எண்ணற்ற கிதார்களை வாங்கும் வசதி படைத்தவர் அவர். ஆயினும் அந்த ஒன்று திரும்ப வந்ததை உலகுக்கே அறிவித்து மகிழ்ந்தார். விலையால் மட்டும் அளக்கமுடியாதவை சில உண்டு.

நம் பெரியவர் கருவியை மடியில் வாங்கிக்கொண்டார். தேய்ந்த இடத்தில் முன்கை தானே போய் அமர்ந்தது. தடித்த தந்தியை ஒருமுறை மீட்டினார். பாய் தந்தனுப்பிய சிறு ஆம்ப்ளிஃபயர் வழியே எழுந்த ஒலியை நாம் காதால் கேட்டோம் என்பதைவிட, அமர்ந்திருந்த பலகையில் உணர்ந்தோம் எனலாம். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அவர் மனைவி அடுக்களையிலிருந்து வந்து வாயிலில் நின்றார். அவர் இரண்டாம் தந்திக்குச் சென்றார், மூன்றாவதில் நிறுத்திவிட்டார். இடக்கையின் இரு விரல்கள் மடங்கவில்லை. மூட்டுவாதம். "இனி நம்மால் ஆகாது சாமி" என்று கருவியை நீட்டினார்.

அப்போதுதான் நாம் சொல்லவேண்டியதைச் சொன்னோம். 2000ஆம் ஆண்டில் நாம் செய்தது தவறு, மன்னிக்கவேண்டும் என்றோம். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூறியதை அப்படியே எழுதுகிறோம்: "புதிது வாங்கியது தவறில்லை சாமி. எங்கே வைக்கட்டும் என்று நான் கேட்டது, 'ஏன் எடுத்து வைக்கிறீர்கள்?' என்று நீங்கள் கேட்பீர்கள் என்று எண்ணித்தான்."

மறுமொழி கூற நம்மிடம் ஒன்றும் இல்லை, இப்போதும் இல்லை.

இவ்வூர்க் கோயில் வீதியில் நாகசுரம் கேட்டு வளர்ந்தவர்கள் 'ஒத்து' என்னும் கருவியை அறிவர். நாகசுரக்காரர் மேலே விரிவாக வாசிக்கையில், பக்கத்தில் ஒருவர் ஒரே சுருதியை விடாது பிடித்து ஊதிக்கொண்டிருப்பார். கன்னம் வீங்க, மூச்சு முறியாமல், மணிக்கணக்கில். எவரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, பெயரைக் கேட்பதில்லை. 'ஒத்து ஊதுகிறான்' என்பதை ஏளனச் சொல்லாகவும் ஆக்கிவிட்டோம். சுருதிப் பெட்டி வந்தது. பிறகு மின்னணுப் பெட்டி வந்தது. ஒத்துக்காரர் பெரும்பாலும் மறைந்துபோனார். பெட்டி களைப்பதில்லை, கூலி கேட்பதில்லை என்பது மெய்யே. அதனைக் கொண்டுவந்தவர்கள் கொடியவர்களும் அல்லர். ஆனால் அந்த மனிதரிடம் எவரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதுதான் கேள்வி.

கதையின் முடிவைக் கேட்பீர்கள். கருவியை விற்கவில்லை. பேரவையில் அதனை ஒருமுறை வாசித்துக் காட்டச் செய்தோம். விற்கவேண்டும் என்று சொன்னவர்களே, "இருக்கட்டும் சாமி" என்றார்கள். கூரைக்கு வேறு வழியில் நன்கொடை திரட்டுகிறோம். இன்னும் முழுமையாகச் சேரவில்லை. அதனையும் மறைக்கவில்லை. பெரியவர் பாடற்குழுவிற்குத் திரும்பவில்லை. அழைத்தோம், மறுத்துவிட்டார். ஆனால் சனிக்கிழமை மாலைகளில் பாடகர் மாடத்தின் படிகளை மெல்ல ஏறிவந்து, பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறார். கீபோர்டு வாசிக்கும் இளைஞர், ஒரு பித்தானை அழுத்தி அதன் கீழ்ஸ்தாயியை மட்டும் நிறுத்திவிடுகிறார். இரண்டும் ஒன்றாக ஒலிக்க இடமிருக்கிறது. அப்போதும் இருந்தது.

ஏழாம் மெட்டில் மட்டும் ஒரு சுரம் சரிவர எழுவதில்லை. 'டப்' என்று அடைத்துவிடுகிறது. தச்சராலும் பாய் அவர்களாலும் காரணம் காண முடியவில்லை. "மரத்தின் இயல்பு அது, 1983இலேயே அப்படித்தான். அந்த இடத்தைத் தாண்டி வாசிக்கப் பழகிக்கொள்" என்று அந்தப் பிள்ளையிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததைச் சென்ற வாரம் படியில் நின்று கேட்டோம்.

மறைநூலின் லேவியர் ஆகமத்தில் யூபிலி ஆண்டைப் பற்றிய கட்டளை ஒன்று உண்டு: அவ்வாண்டில் அவரவர் உடைமை அவரவர்க்குத் திரும்பவேண்டும். 2000ஆம் ஆண்டு யூபிலியில் ஒன்றை எடுத்து வைத்தோம். 2025ஆம் ஆண்டு யூபிலியில் அது வெளியே வந்தது. இடையில் சென்ற ஆண்டுகளைத் திருப்பித் தர நம்மால் இயலாது.

வாசகர்களே, உங்கள் இல்லப் பரணிலும் ஓர் ஆர்மோனியமோ, வயலினோ, தாத்தா வாசித்த புல்லாங்குழலோ இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். ஈரம் படாத, வெயில் நேரே விழாத இடத்தில் வையுங்கள். தந்தியுள்ளதாயின் பாதி தளர்த்துங்கள். வண்ணம் பூசவேண்டாம். தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதனை வாசித்தவர் உயிரோடு இருந்தால், தச்சரிடம் போகுமுன் அவரிடம் போங்கள். புதிதாக ஒன்றை வாங்கிவரும் நாளில், பழையதை இயக்கிவந்தவர் "இதை எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டால், விடை சொல்லுமுன் ஒரு கணம் அவர் முகத்தைப் பாருங்கள்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.